பெயர் யாருக்குத் தேவை?

1

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் பணிக்காக ஒரு முறை பத்து நாட்கள் கொழும்பில் தங்க வேண்டியிருந்தது. ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் வெள்ளவத்தையில் குடியிருக்கிறார். அவர் வீட்டில்தான் தங்கினேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, "ஊரில காணாத ஒண்டக் காட்டுறன், வாங்க" என்று சொல்லி என்னை பஸ்ஸில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துச் சென்றார். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. முத்திரை, நாணயம், தபாலட்டை என்பவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் முதியவர் ஒருவர் அங்கிருந்தார். முதலில் பிளேன்ரீ வந்தது. பிறகு தடித்த அட்டை போட்ட ஓர் அல்பம் வந்தது.

அந்த அல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டப்பட்டிருந்த இரண்டு படங்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

இடது பக்கத்தில் ஒரு தபாலட்டை. முகமூடி அணிந்து, தென்னங்குருத்துகளை இடுப்பில் கட்டிய மூன்று ஆண்கள், தீட்டப்பட்ட திரையொன்றின் முன்னால் நிற்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில் 'டெவில் டான்சர்ஸ், சிலோன்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பேயாட்டக்காரர், இலங்கை. அவ்வளவுதான். வலது பக்கத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து கத்தரித்தெடுத்த படம். வெறுங்காலுடன், கழுத்தும் கையும் நிறைய ஆபரணம் பூண்டு, இந்தியத் தெய்வச் சிலையைப் போல வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருக்கிறார். கீழே அவரது பெயர், ரூத் செயின்ட் டெனிஸ். அவர் ஆடிய ஆட்டத்தின் பெயரும் உண்டு, 'ராதா'.

இடது பக்கத்து மூவரின் பெயர் என்னவென்று முதியவரிடம் கேட்டேன். அவர் அட்டையை மெதுவாகக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். எவரோ ஒரு கப்பல் பயணி, கடல் அமைதியாக இருந்ததென்றும் வெயில் கடுமையென்றும் தன் வீட்டுக்கு எழுதியிருந்தார். ஆடியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

2

இத்தகைய படங்களைப் பார்க்கும்போது நாம் மறந்துவிடும் ஒன்றுண்டு. இவை ஆட்டத்தின் படங்கள் அல்ல. ஆட்டம் நிறுத்தப்பட்ட பிறகு எடுக்கப்பட்ட படங்கள்.

1851இல் அறிமுகமான ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி அது காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் பிடிக்கும். அதுவரை அசையக்கூடாது என்பதற்காக, ஸ்டூடியோக்களில் கழுத்தின் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவார்கள். உலர்தகடு 1880கள் அளவில் பரவலான பின்னர் நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ஸ்டூடியோவின் பழக்கம் மாறவில்லை. திரை, தூண், செயற்கைப் பாறை, அசையாத உடல். ஆடுபவரை ஆடாமல் நிற்கச் சொல்லி, ஆடுவதுபோல் கையை மட்டும் உயர்த்தச் சொன்னார்கள். ஆகவே நாம் காண்பது ஆட்டத்தைப் பற்றி ஸ்டூடியோக்காரர் கொண்டிருந்த கருத்தைத்தான்.

கொழும்பில் இத்தொழில் மிகப் பழையது. 1860கள் முதல் ஸ்கீன் நிறுவனமும், அதன் பின் கண்டியிலும் கொழும்பிலும் ஸ்கோவன் நிறுவனமும் தேயிலைத் தோட்டம், துறைமுகம், மக்கள் வகைகள் என எல்லாவற்றையும் படமெடுத்து விற்றன. 1890இல் பிளாட்டே தம்பதியினர் தொடங்கிய ஸ்டூடியோ, தபாலட்டை யுகத்தின் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. இந்தக் காலத்து அட்டைகளைப் புரட்டினால் 'கண்டிய நடனக்காரர்', 'தமிழ்ப் பெண்', 'ரொடியப் பெண்', 'மூர்க்காரர்' என்றே வரும். எல்லாம் வகைகள். எவரும் ஆள் இல்லை.

'பேயாட்டம்' என்ற சொல்லே ஒரு பிழையான மொழிபெயர்ப்பு. தென்னிலங்கையின் தொவில், நோய் நீக்கும் சடங்கு. பதினெட்டு வகைச் சன்னி நோய்களுக்குப் பதினெட்டு முகமூடிகள் உண்டு. முகமூடி அணிந்து வருபவர் நோயாளியின் பயத்தை அவர் கண்முன் நிறுத்தி, அதைப் பகிடி பண்ணிச் சிரிக்கவைத்து விரட்டுபவர். ஊரில் அவருக்கு வைத்தியருக்குரிய மதிப்பு உண்டு. அட்டையில் அவர் பேய்க்குச் சொந்தக்காரராகிவிட்டார். இரவெல்லாம் தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு நோயாளிக்காக ஆடியவர், பகலில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே யாருக்காகவும் அல்லாமல் நின்றார்.

3

வலது பக்கத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1930கள் வரை அமெரிக்காவில் 'வோடவில்' என்றொரு மேடை இருந்தது. பாட்டு, ஆட்டம், ஜாலவித்தை, கோமாளித்தனம், பழக்கிய மிருகம் எல்லாவற்றையும் ஒரே நுழைவுச்சீட்டில் ஒரே இரவில் காட்டும் மேடை. ரூத் செயின்ட் டெனிஸ் அங்கிருந்து வந்தவர். 1904இல் ஒரு சிகரெட் விளம்பரத்தில் இருந்த எகிப்தியத் தெய்வத்தின் படத்தைக் கண்டதும் கிழக்குலக ஆட்டங்களில் அவருக்கு மோகம் பிடித்தது. 1906இல் நியூயோர்க்கில் 'ராதா'வை ஆடினார். அப்போது அவர் இந்தியாவைக் கண்டதில்லை.

அந்த உலகில் ஸ்டூடியோப் படம் ஒரு முதலீடு. நியூயோர்க்கில் நெப்போலியன் சரோனி என்ற படப்பிடிப்பாளர், புகழ்பெற்ற நடிகர்களுக்குத் தானே காசு கொடுத்து அவர்களைத் தன் கமராவின் முன் இருத்தி, அந்தப் படங்களை விற்றுச் சம்பாதித்தார். ஒஸ்கார் வைல்டை 1882இல் அவர் எடுத்த படத்தை இன்னொரு நிறுவனம் அச்சடித்துவிட, வழக்கு அமெரிக்க உயர்நீதிமன்றம்வரை சென்றது. புகைப்படமும் ஒரு படைப்பே, அதற்கும் உரிமை உண்டு என 1884இல் தீர்ப்பாயிற்று. உரிமை கிடைத்தது படமெடுத்தவருக்கு. படத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது பெயர் மட்டுமே. ஆனால் அந்தப் பெயருக்குச் சந்தையில் விலை இருந்தது.

அங்கும் எல்லோருக்கும் பெயர் கிடைத்துவிடவில்லை. 'ராதா'வில் அர்ச்சகர்களாகச் சுற்றியிருக்க, அங்கே பிழைப்புத் தேடி வந்திருந்த தெற்காசியர் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விளம்பரங்களில் இல்லை. 1911இல் செயின்ட் டெனிஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு வாசித்த இசைக்குழு பரோடாவிலிருந்து சென்ற இனாயத் கானுடையது. பின்னாளில் மேற்குலகில் சூபித்துவ ஞானியாக அறியப்பட்டவர் அவர். ஒரு சூபி, வோடவில் வழிவந்த ஆடலரசியின் நாட்டியத்துக்கு வீணை மீட்டியிருக்கிறார் என்ற செய்தி நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். ஆட்டத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நம்மவர் ஒருவர் இருந்திருக்கிறார், படத்தின் சட்டத்துக்கு வெளியே.

கொழும்புக்கும் அந்த மேடைக்கும் இடையே கப்பல் ஓடியது. மொரிஸ் பாண்ட்மன் என்பவர் 1922இல் இறக்கும்வரை கல்கத்தாவை மையமாக வைத்து, மத்தியதரைக் கடலிலிருந்து ஜப்பான் வரை ஆங்கில நாடக, கேளிக்கைக் குழுக்களை அனுப்பினார். கொழும்பு அந்த வழியில் ஒரு தங்குமிடம். எதிர்த்திசையில், ஜெர்மனியின் ஹாகன்பெக் நிறுவனம் 1880கள் முதல் இலங்கையிலிருந்து யானைகளையும் ஆடுநரையும் கைவினைஞரையும் ஒன்றாகக் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தது. செயின்ட் டெனிஸும் 1925 - 26இல் தன் டெனிஷோன் குழுவோடு ஆசியாவெங்கும் சுற்றியபோது இலங்கைக்கும் வந்தார். அல்பத்தின் இரண்டு பக்கங்களும் அப்படியொன்றும் தூரமானவை அல்ல.

4

இந்த இடத்தில் நமது விமர்சகர்கள் உடனே எட்வர்ட் சையித்தை அழைத்துவிடுவார்கள். 1978இல் வெளிவந்த அவரது 'கீழைத்தேயவாதம்' பற்றிய நூல் இத்தகைய படங்களை வாசிக்க ஒரு சாவியைத் தந்தது உண்மையே. வெள்ளைக்காரனின் கண் நம்மை வகைகளாக்கியது, ஆதலால் பெயரில்லை. இதில் பிழையில்லை. ஆனால் இந்தச் சாவியால் திறக்காத பூட்டுகளும் இருக்கின்றன.

கௌஹர் ஜானை எடுத்துக்கொள்வோம். 1873இல் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்து, தாயோடு இஸ்லாத்தைத் தழுவி, கல்கத்தாவில் ஆடியும் பாடியும் பெரும்புகழ் பெற்றவர். 1902இல் அங்கு வந்த கிராமபோன் நிறுவனத்தார் அவரது பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இசைத்தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்குள்ள தொழிலாளி எது யாருடைய பாட்டென்று அறிந்து பெயர்ச்சிட்டை ஒட்ட வேண்டுமே, அதற்காக. அவரது உருவப்படங்களும் தபாலட்டைகளாக விற்றன, பெயருடனேயே. அதே ஏகாதிபத்தியம், அதே வெள்ளைக்கார நிறுவனம், அதே காலம். ஆனால் பெயர் இருக்கிறது.

ஏன்? தட்டு வாங்குபவருக்குக் 'கல்கத்தாப் பாடகி ஒருத்தி' போதாது, கௌஹர் ஜானே வேண்டும். கப்பலிலிருந்து இறங்கிய பயணிக்கோ மூன்று முகமூடிகள் போதும், அவற்றின் பின்னாலுள்ள மூவர் வேண்டியதில்லை. ஒரு படத்தைப் பார்க்கும் விமர்சகன் முதலில் கேட்க வேண்டியது, எடுத்தவர் யார், எடுக்கப்பட்டவர் யார் என்பதல்ல. அந்தப் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது என்பதே. தேவைப்பட்ட இடத்தில் பெயர் எழுதப்பட்டது. தேவைப்படாத இடத்தில் எவரும் கேட்கவேயில்லை.

கொழும்பின் சொந்த மேடையே இதற்குச் சாட்சி. 1880களில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பனிகள் இங்கு ஆடிய ஆட்டங்களால் சிங்கள நூர்த்தி செழித்தது. லக்னோவின் முஸ்லிம் கவிஞரான ஆகா ஹசன் அமானத் 1850களில் எழுதிய 'இந்தர் சபா', தேவலோகத்துப் பரிகள் ஒவ்வொருவராக வந்து ஆடிப்பாடும் நாடகம். அது பார்சி மேடையேறி, தமிழ், சிங்களம், மலாய் என்று இந்தப் பெருங்கடலின் கரைகளெங்கும் பரவியது. 1911 டிசம்பர் 6இல், முஸ்லிம்கள் செறிந்து வாழும் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை கொழும்புக்கு வந்து தமிழ் நாடகங்களை ஆடியது. 1920களில் கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் இங்கே இணைந்து மேடையேறினார்கள்.

இந்த மேடையைப் பார்க்க வந்தவர் கப்பல் பயணி அல்லர். மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த ரசிகர். இன்று யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட் என்று கேட்டுத்தான் அவர் சீட்டு வாங்கினார். ஆகவே இங்கு நோட்டீசில் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பெயரும் சில வேளைகளில் தெரிந்தெடுத்த பெயர். டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவச் சிறுமி டவர் மண்டபத்து மேடையில் ருக்மணி தேவியானார். மதுரையில் படமாக்கப்பட்ட முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரி 21இல் கொட்டாஞ்சேனைத் திரையரங்கில் காட்டப்பட்டபோது, திரையில் தெரிந்த நாயகி அவர். அவரது ஸ்டூடியோப் படங்களில் கண்கள் கமராவைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. அந்தப் பார்வை அவர் தேர்ந்தது, பெயரும் அப்படியே. சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த முகைதீன் பேக், சிங்கள இசையின் மாபெரும் குரலானபோது தன் பெயரை மாற்றவில்லை. பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிய தட்டிலும் அது முகைதீன் பேக்தான்.

5

லயனல் வென்ட்டைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு முடியாது. 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் இறந்த அவர், பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர், '43 குழு'வின் உயிர்நாடி. கண்டிய நடனக் கலைஞரை ஆதரித்தார். 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தார். அவரது படங்களில் தீட்டிய திரை இல்லை, செயற்கைப் பாறை இல்லை. உடலின் மேல் வெளிச்சம் விழும் விதத்தை அவரளவு அறிந்தவர் நம் நாட்டில் இருந்ததில்லை. தபாலட்டையிலிருந்து கலைக்கு வந்துவிட்டோம் என்று அவர் படங்களைப் பார்க்கும் எவரும் உணர்வார்.

ஆனாலும் எனக்கொரு சங்கடம் உண்டு. வென்ட்டின் பல படங்களில் உடல் அவ்வளவு அழகாக இருப்பதாலேயே ஆளைத் தேடும் எண்ணம் நமக்கு வருவதில்லை. தோளின் வளைவைப் பார்த்து வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கப்பல் பயணிக்குப் பேய் போதுமாயிருந்தது, நமக்கு அழகு போதுமாயிருக்கிறது. இது வென்ட்டின் மீதான குற்றச்சாட்டு அல்ல. அவர் தன் ஆடலரை நேசித்தவர், அவர்களின் பெயரை அறிந்தவர். பார்க்கும் நம்மைப் பற்றியே சொல்கிறேன்.

6

நம்மைப் பற்றி என்று சொன்னது வெறும் பேச்சுக்கல்ல.

வரலாற்றில் நமது பெயரை எழுதவில்லை என்பது இலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களின் நெடுங்கால ஆதங்கம். அது நியாயமான ஆதங்கம். 'மூர்க்காரர்' என்று கீழே எழுதிய தபாலட்டை அதன் ஓர் அடையாளம். ஆனால் கொட்டாஞ்சேனையில் அந்த அல்பத்தை மூடியபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு படம்.

நான் கற்பிப்பது கிழக்கில் ஒரு சிறு கிராமத்துப் பாடசாலையில். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்கு நானே பொறுப்பாசிரியர். அதில் பொல்லடிப் படம் ஒன்றை முழுப் பக்கத்தில் போட்டேன். கையில் பொல்லுகளோடு வட்டமாக நிற்கும் எட்டு மாணவர்கள். நடுவே சிஞ்சாவோடு அவர்களைப் பழக்கிய அண்ணாவியார். படம் எடுப்பவர் கேட்டதற்கிணங்க, எல்லோரும் பொல்லை உயர்த்தியபடி அசையாமல் நிற்கிறார்கள். படத்தின் கீழே நான் எழுதியது: 'முஸ்லிம்களின் பாரம்பரியக் கலை.' அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பிளாட்டேயின் அட்டைக்கும் என் மலருக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பேய், இங்கே பாரம்பரியம். என் மலரை வாசிக்கப்போகும் கல்வி அதிகாரிக்குப் பாரம்பரியம் போதும் என்று நான் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தேன் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

மலர் வெளிவந்த வாரத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தது. "சேர், இது எங்கட மூத்தாப்பாதானே? பேரு போடல்லியா?"

அவர் அப்போது மௌத்தாகி மூன்று மாதம். இடம் போதவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிள்ளை நம்பியது. கொழும்பிலிருந்து திரும்பிய பிறகுதான் அந்தச் சமாளிப்பு என்னை உறுத்தத் தொடங்கியது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவரது பெயரைத் தலைப்பிலேயே போடுவது என்றிருந்தேன். அதற்கு முன் குடும்பத்தாரைக் கேட்பது முறை என்று வீட்டுக்குப் போனேன். மூத்த மகன் தேநீர் தந்து, நெடுநேரம் தலைகுனிந்து இருந்துவிட்டுச் சொன்னார்: "வேணாம் சேர். வாப்பா ஆடினவர்தான். இப்ப ஊருக்குள்ள அதெல்லாம் கூடாதெண்டு சொல்றாங்க. மகளுக்குக் கல்யாணம் பேசுற நேரம்."

ஆடலும் உருவப்படமும் மார்க்கத்தில் எவ்வாறு கருதப்படுகின்றன என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதற்குரிய அறிவும் எனக்கில்லை. ஆனால் ஒரு காலத்தில் கல்யாண வீட்டு முற்றத்தில் மாப்பிள்ளையை வரவேற்க முதலில் அழைக்கப்பட்ட ஒருவரின் பெயர், அவரது பேத்தியின் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகிவிட்டது என்பதை மட்டும் இங்கு பதிவு செய்கிறேன். அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆகவே அந்தப் பெயர் இங்கே இல்லை.

இதனால் என் வாதம் ஓரளவு மாறிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரில்லாத படத்தைக் கண்டதும் எவரோ பறித்துவிட்டார்கள் என்று சொல்வது எளிது. அந்தத் தபாலட்டையில் நின்ற மூவரில் ஒருவர், சடங்குக்குரியதைக் காசுக்காகக் காட்ட நேர்ந்த வெட்கத்தில் பெயரைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். கேட்கப்படாத பெயரும் கொடுக்கப்படாத பெயரும் தாளில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். ஆனால் அவை ஒன்றல்ல. ஸ்டூடியோக்காரர் மேல் எனக்குள்ள குறை, அவர் பெயரைப் போடவில்லை என்பதல்ல. கேட்கவில்லை என்பதே. மலர் செய்தபோது நானும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முடிந்தது. பாடசாலை நூலகத்தில் உள்ள மலரை எடுத்து வரச்சொல்லி, படத்துக்குக் கீழே இருந்த என் வரியைக் கோடு போட்டு வெட்டினேன். பேனையை அதனிடம் கொடுத்தேன். மூத்தாப்பாவின் பெயரை அது தன் கையால், கொஞ்சம் பெரிய எழுத்தில், எழுதியது. வட்டத்தில் நின்ற எட்டு மாணவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதவேண்டுமென்று பிறகு அதுவே சொன்னது. அதில் ஆறு பெயர் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.